சீதனப் பங்கர்

16.02.1997 ஞாயிறு

இன்று ஓய்வு நாள் என்று நினைத்தேன். காலையில் ஹெலி ஒன்று வயல் வட்டைக்கு மேலால் இரண்டு தரம் சுற்றியது. அப்பா வேலியடியில் நின்று, "பங்கருக்க போங்க, பங்கருக்க போங்க" என்று எங்களைக் கலைத்தார். அவர் மட்டும் அசையவில்லை. அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது அப்பாவுக்கு உயிரெல்லாம் இரண்டாம் பட்சம்.

நான்தான் முதலில் இறங்கினேன். தொண்ணூறாம் ஆண்டு அப்பாவும், அம்மாவின் தம்பி சாமித்தம்பி மாமாவும் சேர்ந்து வெட்டிய பதுங்குகுழி அது. உள்ளே போய் ஒரு பக்கம் திரும்பும். மேலே பனங்குத்தி, அதற்கு மேல் மண்மூட்டை. ஒரு வருடமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. படியில் கால் வைத்தேன், உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரப் பேணிக்குள் ஈர்க்கைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படி. பாம்பாக்கும் என்று நினைத்து மேலே பாய்ந்தேன். பின்னால் வந்த அம்மாவோடு மோதி இரண்டு பேரும் வாழையடியில் விழுந்தோம். ஹெலி போய்விட்டது. நாங்கள் எழும்பாமல் கிடந்து சிரித்தோம்.

டோர்ச்சுக்குப் போட பற்றரி இல்லை. பற்றரியை ஆமிக்காரர் எங்கள் பக்கத்துக்கு வர விடுகிறார்கள் இல்லை. அப்பா அலுமாரிக் கண்ணாடியைக் கொண்டுவந்து வெயிலைத் திருப்பி உள்ளே அடித்துப் பார்த்தார். முள்ளம்பன்றி. இரண்டு.

மரவள்ளிப் பாத்தியை ஒரு மாதமாகக் கிண்டுவது யார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா காட்டுப்பன்றி என்று நினைத்து வேலிக்கு முள் அடைத்துக்கொண்டிருந்தார். கள்ளன் வீட்டுக்குள் இருக்க வேலிக்குக் காவல். நான் இதைச் சொல்ல, அப்பா கண்ணாடியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

17.02 திங்கள்

மரவள்ளித் தோல் ஒரு சட்டி கொண்டுபோய்ப் பங்கர் வாசலில் வைத்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

18.02 செவ்வாய்

சட்டி வெறுமை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சட்டி அவளுடையது.

02.03.1997 ஞாயிறு

இப்போது இரண்டும் என்னைக் கண்டால் முள்ளை விரிப்பதில்லை. உறவு அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பொழுதுபடும்போது பெரியது முதலில் வெளியே வரும். நேரே சாப்பாட்டுக்கு வராது. வேலி ஓரமாக ஒரு நடை, பிறகு கிணற்றடி, பிறகு மாட்டுக் கொட்டில். எல்லா இடத்திலும் மூக்கை நீட்டிப் பார்வையிட்டு, ஒன்றும் சரியில்லை என்ற மாதிரி உறுமிவிட்டுத்தான் சட்டியடிக்கு வரும். ரோட்டு வேலைக்கு வந்து, வேலை செய்யாமல் வேலை பார்க்கிறவரின் நடை. அதனால் அதற்கு ஓவசியர் என்று பெயர் வைத்தேன். மற்றது நேரே சட்டிக்கு வந்து நல்லதையெல்லாம் தின்று முடித்துவிடும். அது மிஸிஸ் ஓவசியர். அவர் வரும்போது தோல்தான் மிஞ்சியிருக்கும். ஒரு நாளாவது சண்டை பிடிக்கவில்லை அந்த மனிதர்.

பூசணிக்காய் என்றால் விதையோடு வேண்டும். விளாம்பழத்தை ஓட்டோடு உருட்டிக்கொண்டு போகிறார்கள். அணில் கோதி விழுத்திய தேங்காயை ஓவசியர் இரண்டு கையாலும் பிடித்துக் கொறிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மாட்டெலும்பு ஒன்றையும் கொண்டுவந்து கறகறவென்று கடித்தார்கள். அம்மா அருவருத்தாள். நான், அது கல்சியம் அம்மா, நான் ஊர்ப் பெண்களுக்குக் குளிசையாகக் கொடுப்பதை இதுகள் தாங்களாகத் தேடித் தின்னுதுகள் என்றேன். கர்ப்பிணிகளுக்கென்று அரசாங்கம் தருகிற திரிபோஷா மா மட்டும்தான் நான் இன்னும் கொடுக்கவில்லை. அது கணக்கில் வரும்.

21.03 வெள்ளி

இந்த மாதம் ஐந்து பிள்ளைகள். வாவியின் மேற்குப் பக்கம், இந்தப் படுவான்கரையில், எனக்கு நாலு ஊர். மருத்துவமாது ஒருத்திதான், சைக்கிள் ஒன்றுதான், அதற்கும் பின் ரயர் தேய்ந்துபோய்விட்டது.

களைத்து வந்தால் வீட்டில் சாமித்தம்பி மாமா. அவர் எங்கள் அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் பொறுப்பெல்லாம் அவர் கையில், ஊரில் பெரிய மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. நெஞ்சு நிறைய முள்ளம்பன்றி இறைச்சி ஆசை. பங்கர் வாசலில் குந்தியிருந்து, மிளகுத்தூள் கூடப் போட்டு, முருங்கைப்பட்டை கொஞ்சம் தட்டிப் போட்டால் என்று அம்மாவுக்குச் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அம்மா வேறொரு கவலையில் இருக்கிறாள். முள்ளம்பன்றி முள் வளவில் கிடந்தால் வீட்டில் சண்டை வருமாம். விளக்குமாறோடு முள் பொறுக்கித் திரிகிறாள். சண்டை வருவதற்கு முள் எதற்கு, நான் இருக்கிறேனே.

10.04.1997 வியாழன்

மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். பெரியகல்லாறு. பெயர் வினாயகமூர்த்தி, தபால் கந்தோரில் கிளாக்கர், வயது முப்பத்தேழு. எனக்கு முப்பத்துமூன்று நடக்கிறது. முன்பு வந்த இரண்டு பேரில் ஒருவர் டவுனில், புளியந்தீவில், வீடு கேட்டார். மற்றவர், பெண் கனக்கக் கதைக்கிறாள் என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. தாலி ஏறினால் இது என் வீடு. அப்பாவும் அம்மாவும் வளவின் மூலையில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு இருப்பார்கள். அதனால் மாப்பிள்ளை பகுதியார் பெண்ணைப் பார்க்கிறதைவிட வீட்டைத்தான் வடிவாகப் பார்ப்பார்கள். முந்தி கூரை எப்படி, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்பார்களாம். மாப்பிள்ளையின் தாய் ஆச்சிப்பிள்ளை, மாமாவிடம் முதலில் கேட்டது, "வீட்டில பங்கர் இரிக்கா?"

பிழை சொல்ல முடியாது. ஒரே மகன். ஷெல் விழும் ஊருக்கு அனுப்ப வேண்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எட்டுப் பேர் காலை நீட்டிப் படுக்கலாம், இந்தப் பகுதியிலேயே அப்படி ஒரு பங்கர் கிடையாது என்று மாமா அளந்துவிட்டு வந்திருக்கிறார். உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்கள் வருவதற்குள் அது ஒழிந்துவிடும் என்றார்.

15.04 செவ்வாய்

வருஷப்பிறப்புக் கைவிசேஷம் தர வந்த மாமா திட்டத்தையும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பகுதி மே மாதம் முதல் கிழமை வருகிறது. அதற்கு முதல் நாள் பங்கரைப் பிடித்துத் துப்புரவாக்குவது. வருகிறவர்களுக்குச் சோற்றோடு முள்ளம்பன்றிக் கறி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்பாவும் தலையை ஆட்டுகிறார். அவருக்கு மரவள்ளிக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னைப் பெண் பார்க்க வருகிறவருக்கு என் கையால் ஓவசியரைப் பரிமாற வேண்டுமாம்.

27.04.1997 ஞாயிறு

இன்று அம்மாவிடம் மிகவும் பக்தியாகக் கதைத்தேன். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்த பிறகு அவர்களை வரச் சொல்லலாமே, அம்மனையும் கும்பிட்டதாக இருக்கும், நல்ல காரியம் அம்மன் காலடியில் தொடங்கினதாகவும் இருக்கும் என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று உடனே மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். மாமாவும் சரி என்றுவிட்டார்.

கதவு திறந்தால் கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊருக்குள் மச்சம் மாமிசம் இல்லை. ஓர் உயிரை அடிக்க முடியாது. வண்ணக்கர் வீட்டில் அடுப்பில் மீன் வெந்தாலே ஊர் எழும்பிவிடும். இது மாமாவுக்கு ஏன் உடனே பிடிபடவில்லை என்று தெரியவில்லை. பிடிபடும்.

28.04 திங்கள்

பிடிபட்டுவிட்டது. விடியற்காலையிலேயே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ கிளாக்கருக்கு இல்ல மனே, லோயருக்குத்தான் வாழ்க்கப்படவேணும்" என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை.

16.05 வெள்ளி

கதவு திறந்தாயிற்று. இரண்டு பேருக்கும் முழுப் பூசணிக்காய்.

18.05.1997 ஞாயிறு

பயம் இன்னும் போகவில்லை. சிரிப்பும் வருகிறது. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

தாயும் மகனும் காலையிலேயே துறையைக் கடந்து வந்து, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு மாமாவோடு வீட்டுக்கு வந்தார்கள். ஆச்சிப்பிள்ளை மாமி மெலிந்த, நிமிர்ந்த மனுஷி. கதிரையில் இருக்காமல் வீட்டைச் சுற்றி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் போனால் போகிறது என்று என்னையும் பார்த்தார். மகன் ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடி, மடிப்புக் குலையாத காற்சட்டை. முத்திரை ஒட்டினால் தபாலில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பங்கர் வாசலை அப்பா தென்னங்கிடுகால் மறைத்து வைத்திருந்தார். மாமி அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல, மாமா சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இழுத்தடித்தார். எனக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அம்மா பருப்புக் கறியோடு குசினி வாசலில் நின்று கண்ணாலேயே அடக்கினாள்.

சோறு போட்டு முடியவில்லை, வாவிக்கு அக்கரை ஆமி முகாமிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். முதலாவது எங்கேயோ தூரத்தில். இரண்டாவது வட்டைக்குள். கதிரை எல்லாம் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடினவர் ஆச்சிப்பிள்ளை மாமி. கிடுகைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு படி இறங்கினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ளுக்க ஆரோ இரிக்காங்க."

தாயைத் தள்ளிவிட்டு மகன் இறங்கினார். உள்ளேயிருந்து அந்தப் பேணிச் சத்தம், ஓர் உறுமல், பிறகு "அம்மா" என்று ஒரு சத்தம். திரும்பி வந்தவரின் காற்சட்டையில், கெண்டைக்காலில், இரண்டு முள் நட்டுக்கொண்டு நின்றன. ஒன்றும் கேட்க நேரமில்லை. எல்லோரும் கிணற்றடி வாய்க்காலுக்குள் வாழைகளுக்கிடையில் விழுந்து கிடந்தோம். கூறைப்புடைவை மாதிரி அம்மா பொத்திப் பொத்தி வைத்து எனக்கு உடுத்திவிட்ட சேலை சேற்றில். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. பயம் வந்தால் எல்லோருக்கும் ஒரே முகம்தான். அவருடைய மடிப்பெல்லாம் குலைந்துபோய்விட்டது.

நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வட்டைக்குள் வைக்கோல் போர் ஒன்று எரிந்தது.

பிறகு நான் என் பையை எடுத்தேன். காற்சட்டைக் காலைக் கத்தரித்து, டெற்றோல் ஊற்றி, சாமணத்தால் இழுத்தேன். நேராக இழுக்க வேண்டும், ஆட்டினால் உள்ளே முறிந்துவிடும். பெண் பார்க்க வந்தவரின் காலை மடியில் வைத்துக்கொண்டு இருந்த முதல் பெண் நானாகத்தான் இருக்கும். மாமி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, இரண்டாவது முள் வந்ததும் அதை வாங்கிப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் என்னோடு கதைத்தார்.

"இதுகள் என்ன தின்னும்?"

சொன்னேன். பூசணிக்காயில் தொடங்கி எலும்பு வரைக்கும் சொன்னேன். கனக்கத்தான் கதைத்துவிட்டேன் போல.

19.05 திங்கள்

மாமி போகும்போது அம்மாவிடம் சொன்னது: "மகள் நல்ல புள்ளதான். ஆனா நான் மகனக் குடுக்க வந்தது உங்கட மகளுக்கு, முள்ளுப்பண்டிக்கு இல்ல. பங்கரத் துப்பரவாக்கிப்போட்டு ஆள் அனுப்புங்க." இல்லாவிட்டால் சம்பந்தம் இல்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எனக்கும் இருக்கக்கூடாதுதான்.

22.05 வியாழன்

இன்று குளிர்த்தி. கும்பிட்டுக்கொண்டு நிற்கையில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு அந்த மனிதனைப் பிடித்திருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. வலிக்கிற நேரத்தில் ஒரு மனிதன் தன் வலியை விட்டுவிட்டு, குத்தினது என்ன தின்னும் என்று கேட்பானா?

சரி, அதுகள் காட்டுப் பிராணிகள்தானே. பங்கரை விட்டுக் கலைத்தால் வேறிடம் பார்க்கும். மிளகாய்ப் புகை போடலாம் என்று மாமா சொன்னார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கலைக்கிறது மட்டும்தான் என்றேன். மாமா தலையாட்டினார்.

25.05.1997 ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு. நானே என் வாயால கெடுத்துப்போட்டன்.

மாமா செத்தல் மிளகாயும் பொச்சு மட்டையும் கொண்டுவந்தார். நெருப்புச் சட்டியை நானே ஊதிக் கொடுத்தேன். கண் எரிந்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் பங்கர் வாசலில் வலை கட்டியிருக்கிறது. மாமாவின் கையில் பொல்லு. கலைக்க வரவில்லை. புகைக்கு ஓடி வருகிறதை வலையில் பிடித்து அடிக்கத்தான் வந்திருக்கிறார். குளிர்த்தி முடிந்துவிட்டதே, இனி என்ன.

சட்டியைக் காலால் தட்டிவிட்டேன். கால் பொக்களித்துவிட்டது, அது பிறகுதான் தெரிந்தது.

"மாமா, இந்த வளவு எனக்குத் தாற சீதனம். இதுக்குள்ள குடியிரிக்கிறதும் எனக்குத்தான். வலையச் சுருட்டுங்க" என்றேன்.

அப்போ மாப்பிள்ளை, என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மட்டும் வலையைச் சுருட்டி மாமாவின் சைக்கிளில் வைத்தார். மாமா, கல்லாற்றுக்குப் போய்ச் சம்பந்தம் முறிந்தது என்று தானே சொல்லிவிட்டு வருகிறாராம், இந்த வெட்கக்கேட்டையும் தானே சுமக்க வேண்டியிருக்காம்.

நான் ஏன் இப்பிடி? ஒரு சோடி முள்ளுப்பண்டிக்காக? முப்பத்துமூண்டு வயசில? முதலே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், ஓம் என்று சொல்லி நெருப்பையும் ஊதிவிட்டு—

அம்மா இன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பொழுதுபட ஓவசியர் வந்து, கொட்டிக் கிடந்த கரியை மணந்து பார்த்துவிட்டு, தும்மினார்.

28.05 புதன்

ஒரு பிரசவம். ஆண்பிள்ளை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

31.05.1997 சனி

மாமா வாய் இருக்கிறதே, அதற்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்.

கல்லாற்றில் போய் என்னைப் பற்றி வண்டிவண்டியாகக் குறை சொல்லியிருக்கிறார். சட்டியை உதைத்தது, மாப்பிள்ளை வேண்டாம் என்றது, எல்லாம். மாமி நல்லதாய்ப் போயிற்று என்றாராம். மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தாராம். மாமா இதை இன்று சொன்னார். சொல்ல வேண்டி வந்தது, ஏனென்றால் இன்று காலை வினாயகமூர்த்தி எங்கள் கடப்படியில் வந்து நின்றார். சைக்கிளில் மண்வெட்டியும் அலவாங்கும்.

தாய் அனுப்பியிருக்கிறாள், தோண்டி எடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பங்கர் வாசலில் போய் நின்றுகொண்டேன். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, அப்பா அம்மா எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"பழைய பங்கர்ல அதுகள் இரிக்கட்டும். நமக்கு எவடத்த வெட்டுற?"

நமக்கு என்றார். அப்பா உடனே அலவாங்கை வாங்கிக்கொண்டார். நான் குசினிக்குள் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளும் அப்போதுதான் என்னோடு கதைத்தாள், அடுப்பைப் பார் என்று.

வருகிற வழியில் ஆமிக் காவலரணில் மறித்து, அலவாங்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். பங்கர் வெட்ட என்று சொன்னால் அங்கேயே இருத்திவிடுவார்கள். முள்ளம்பன்றிக்கு என்று சொல்ல இவருக்குச் சிங்களம் வரவில்லை. இரண்டு கை விரல்களையும் தலைக்குப் பின்னால் விரித்துக் குனிந்து நடந்து காட்டினாராம். பையன் ஒருவன், "இத்தேவா, இத்தேவா" என்று சிரித்து, போக விட்டானாம். சிங்களத்தில் முள்ளம்பன்றிக்கு அதுதான் பெயராம். இதை நடந்து காட்டச் சொல்லி அம்மா இரண்டு தரம் கேட்டாள். காட்டினார்.

மண் வெட்ட அவருக்கு ஒண்ணாது. பின்னேரத்துக்குள் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். நான்தான் மருந்து கட்டினேன். இந்த மனிதருக்கு மருந்து கட்டியே என் காலம் போகப் போகிறது என்று தெரிகிறது.

28.06 சனி

நாலு சனிக்கிழமை வந்து பங்கரை முடித்துவிட்டார். முடித்தார் என்றால், அப்பா முடித்தார், அவர் மண் அள்ளினார். பனையடி மேட்டில் இருக்கிறது. வாசல் கோணல். கடைசி நாள் மாமாவும் வந்து, கோணலைப் பார்த்து ஏசி ஏசியே பனங்குத்தி தூக்கிக் கொடுத்தார். மாமி வந்து உள்ளே இறங்கி இருந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். பழைய பங்கர்ப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை.

20.07.1997 ஞாயிறு

எழுத முடியாமல் சிரிப்பு வருகிறது.

ஒரு கிழமையாக ஓவசியர் பனையடி மேட்டைப் பார்வையிட்டுக்கொண்டு திரிந்தார். புது வேலை நடந்த இடம், பார்க்காமல் விடுவாரா. இன்று காலை புதுப் பங்கருக்குள் இறங்கிப் பார்த்தேன். உட்சுவரில் பெரிய ஒரு துளை, வாசலில் முள் மூன்று, மூலையில் விளாங்கோது. குடிபுகுந்துவிட்டார்கள். அள்ளிப் போட்ட புது மண், நல்ல மேடு, யாருக்குத்தான் ஆசை வராது.

பின்னேரம் மாப்பிள்ளை வந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "சரி, பழசு நமக்கு" என்றார். ஆனாலும் புதுசின் உள்பக்கத்தை மட்டும் அவர்களுக்கு விட்டு, குறுக்கே ஒரு பலகையை நட்டுவைத்தார், அவசரத்துக்கு முன்பக்கம் நமக்கும் இருக்கட்டும் என்று.

மாமிக்கு ஒருவரும் சொல்வதில்லை என்று தீர்மானம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவருடைய மகன்.

30.08 சனி

கலியாணம் முடிந்தது. அப்பாவும் அம்மாவும் மூலை வீட்டுக்குப் போகிறார்கள், ஆனால் அம்மா சட்டிபானையைக் கொண்டுபோக மாட்டேன் என்கிறாள். அவர் எங்கள் ஊர் உப தபாலகத்துக்கு மாற்றம் கேட்டுக் கிடைத்துவிட்டது. கலியாண வீட்டுப் பூசணித்தோல் இரண்டு கடகம்.

26.10.1997 ஞாயிறு

மாரி தொடங்கிவிட்டது. பழைய பங்கருக்குள் இடுப்பளவு தண்ணீர், தவளைகள். மிஸிஸ் ஓவசியர் ஒரு கிழமையாக வெளியே காணவில்லை. ஓவசியர் மட்டும் வந்து, பார்வையிடாமல், அவசரமாகத் தின்றுவிட்டுப் போகிறார். சண்டையோ என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர், ஊரில் இவ்வளவு பிரசவம் பார்க்கிறாய், இது தெரியவில்லையா என்று ஏதோ சொல்ல வந்தார். முள்ளம்பன்றிக்கெல்லாம் கர்ப்பிணிக் கார்ட் போட எனக்கு நேரமில்லை என்று வாயை அடைத்துவிட்டேன். அடுத்த மாதம் மாமி வந்து இரண்டு நாள் நிற்கப் போகிறாராம். அதுதான் எனக்கு இப்போது தலையிடி.

12.11.1997 புதன்

மாமி நேற்று வந்தார். நாளைக் காலை போவதாக இருந்தது.

இன்று காலையே எனக்கு வட்டைக்கு அப்பால் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. தலைப்பிள்ளை. நோ கடுமையாகிற நேரம் பார்த்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். அந்த வீட்டில் பங்கர் இல்லை. கட்டிலுக்குக் கீழே பாயை இழுத்துப் போட்டு, நானும் அவளுமாகக் கீழே கிடந்து, பிள்ளை கட்டிலுக்கு அடியில் பிறந்தது. பெண். முதல் அழுகை கேட்டதும் அந்தத் தாய், கை கால் எல்லாம் இருக்கா என்று கேட்டாள். எல்லாம் இருக்கு என்றேன். மற்றச் சத்தமெல்லாம் அப்போது எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்து பார்த்தால் புகை எங்கள் ஊர்ப் பக்கம். சைக்கிளை மிதித்தேனா தள்ளினேனா தெரியாது. அம்மனே அம்மனே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஷெல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. வீடு அப்படியே நின்றது. கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சோறு கருகுகிறது, ஆட்கள் ஒருவரும் இல்லை. பழைய பங்கரில் தண்ணீர். அப்பா, அம்மா என்று கத்தினேன். இவருடைய பெயரைச் சொல்லியும் கத்தினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

பனையடி மேட்டில் கோணல் வாசலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது.

ஓடிப்போய்க் குனிந்தேன். எல்லோரும் இருந்தார்கள். அப்பா, அம்மா, இவர், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு. எல்லோருக்கும் உள்ளே, பலகைக்குப் பக்கத்தில், ஆச்சிப்பிள்ளை மாமி. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. மாமி வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதகா மகள். பெத்திரிக்கி."

பலகைக்கு மேலால் பார்த்தேன். ஓவசியர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி, முள்ளெல்லாம் விரித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மிஸிஸ் படுத்திருந்தார். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கண் திறந்தபடி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்று. முள் இன்னும் இறுகவில்லை, நனைந்த மயிர் மாதிரிப் படிந்து கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் கையில் பிறக்கின்றன. என் வளவில் பிறந்ததை மாமிதான் முதலில் பார்த்திருக்கிறார்.

தன்னை ஏமாற்றியதற்கு மாமி ஏசுவார் என்று இவர் பயந்துகொண்டே இருந்தாராம். ஒரு வார்த்தை ஏசவில்லை. பின்னேரம் மாமா வந்து பலகைக்கு மேலால் எட்டிப் பார்க்கப் போக, மாமி அவரைக் கடப்படி வரை கலைத்துவிட்டு வந்தார். பிறகு அம்மாவிடம் பூசணிக்காய் வாங்கித் தானே வெட்டினார், விதையோடு. நாளைக்குத் துறைக்குக் கொண்டுபோய் விடுவதற்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று மகன் கேட்டார்.

"புள்ளப்பெத்த வீட்ட விட்டிட்டு எப்பிடி மனே போற" என்றார் மாமி.